ரத்தம் குடுத்தா திரும்ப ஊறுமா? கருப்பா இருந்தா கெட்ட ரத்தமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வேனில்23:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா மனசுல ஓடிட்டே இருக்கற கேள்விங்க இதெல்லாம், வீட்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க அதான் இங்க கேக்கறேன். போன வாரம் மெடிக்கல் செக்கப்புக்கு ரத்தம் எடுத்தாங்க, ட்யூப்ல ஏறும்போது பாத்துட்டே இருந்தேன், நான் நெனச்ச சிவப்பே இல்ல, அப்படியே கருஞ்சிவப்பு, கிட்டத்தட்ட கருப்புன்னே சொல்லலாம். ஆனா விரல்ல கத்தி பட்டா வர்ற ரத்தம் நல்லா பளிச்சுனு சிவப்பாதான இருக்கு? கெட்ட ரத்தம்தான் கருப்பா இருக்கும்னு பெரியம்மா சொல்றாங்க, அதுல இருந்து ஒரே யோசனை. அப்புறம் கையில தெரியற பச்சை நரம்புக்குள்ள ஓடறதும் இதே ரத்தம்தானா, அப்ப அது ஏன் பச்சையா தெரியுது?

முக்கியமான விஷயம் என்னன்னா அடுத்த மாசம் ஆபீஸ்ல ரத்ததான முகாம் நடக்குது, முதல் தடவையா குடுக்கலாம்னு பேர் குடுத்துட்டேன். அப்பா கூடவே கூடாதுங்கறார். "பொம்பளப்பிள்ள, உடம்புல இருக்கறதே கொஞ்சம், அதையும் எடுத்துக் குடுத்துட்டா எங்கிருந்து திரும்பி வரும்"னு கேக்கறார். என்கிட்ட பதில் இல்ல. உண்மையிலயே குடுத்த ரத்தம் முழுசா திரும்ப ஊறுமா, ஊறும்னா எங்க இருந்து ஊறுது, எத்தன நாள் ஆகும்? அப்பாகிட்ட உக்காந்து சொல்ற மாதிரி யாராவது புரியவைங்க ப்ளீஸ்.

கார்த்தி_07:

தைரியமா குடுங்க சகோ, நான் 6 தடவ குடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகல. கலர் மேட்டர் என்னன்னா நரம்புக்குள்ள ஓடும்போது ரத்தம் நீலமாதான் இருக்கும், வெளிய வந்து காத்து பட்டதும் சிவப்பா மாறிடும். ஸ்கூல் புக்லகூட பாதி நீலமா போட்டிருப்பாங்களே.

கண்ணாடித்தகடு:

கார்த்தி தம்பி, 6 தடவ குடுத்ததுக்கு மொதல்ல ஒரு கும்பிடு. ஆனா அந்த நீல விஷயம் தப்பு. புத்தகத்துல ரெண்டு விதமான குழாயப் பிரிச்சுக் காட்டறதுக்காக அடிச்ச கலர் அது, ரத்தம் எப்பவுமே சிவப்புதான். நான் 31 வருஷம் லேப்ல இருந்தவன். ரத்தம் எடுக்கற ட்யூப்ல காத்த உறிஞ்சித்தான் மூடியிருப்பாங்க, கையில இருந்து நேரா அதுக்குள்ள ஏறுது, நடுவுல காத்து படறதுக்கு வழியே இல்ல, அப்பவும் சிவப்பாதான ஏறுது.

வேனில்ம்மா, உங்க ரத்தம் நல்ல ரத்தம்தான், பெரியம்மாகிட்ட சொல்லுங்க. சிவப்பணுக்குள்ள ஹீமோகுளோபின்னு ஒரு புரதம் இருக்கு, அதுல இரும்பு இருக்கு, அந்த இரும்புலதான் ஆக்சிஜன் வந்து ஒட்டுது. ஒட்டியிருந்தா பளிச் சிவப்பு, எறக்கிவிட்டுட்டா கருஞ்சிவப்பு. டெஸ்ட்டுக்கு எடுக்கறது சிரையில இருந்து, அதாவது உடம்பச் சுத்தி ஆக்சிஜனக் குடுத்துட்டு இதயத்துக்குத் திரும்பிப் போயிட்டிருக்கற ரத்தம். அப்படித் திரும்பும்போதும் அது காலியாப் போகல, சும்மா உக்காந்திருக்கற நேரத்துல சராசரியா முக்கால் பங்கு ஆக்சிஜன் மிச்சமாத்தான் இருக்கும். இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோற தமனியில 95 சதவீதத்துக்கு மேல, சிரையில 75 கிட்ட, அந்த வித்தியாசம்தான் நீங்க பாத்த கலர். விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்கற கிளிப் இருக்கில்ல, அதுவும் இந்தக் கலர் வித்தியாசத்த வெளிச்சம் விட்டு அளந்துதான் நம்பர் காட்டுது. கெட்ட ரத்தம்னு தனியா ஒண்ணு கெடையாதும்மா. ரத்தத்துல சேர்ற கழிவ கிட்னி ராப்பகலா பிரிச்சு எடுக்குது, கார்பன் டை ஆக்சைட நுரையீரல் வெளிய தள்ளுது, ஓடற ரத்தம் அதேதான்.

பச்சை நரம்புன்னு எல்லாரும் சொல்றோம், நாங்களே ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல"ன்னுதான் சொல்வோம், ஆனா அது நரம்பே இல்ல, சிரை. நரம்புங்கறது மூளையில இருந்து சேதி கொண்டுபோறது, அதுல ரத்தம் ஓடாது. சிரை பச்சையா நீலமா தெரியறதுக்குக் காரணம் வெளிச்சம். சிவப்பு வெளிச்சம் தோலுக்குள்ள ஆழமாப் போகும், சிரை வரைக்கும் போய் அங்க கொஞ்சம் மாட்டிக்கும், நீல வெளிச்சம் மேலாகவே சிதறித் திரும்பிடும். அதனால சுத்தி இருக்கற தோலவிட அந்தக் கோட்டுல இருந்து திரும்பி வர்ற சிவப்பு கம்மி, கண்ணு அத நீலம்னு எடுத்துக்குது.

இப்ப அப்பா கேட்ட கேள்விக்கு வர்றேன், அதுதான் நல்ல கேள்வி. அவர் ரத்தத்த பானையில ரொப்பி வச்ச தண்ணி மாதிரி நெனைக்கறார், மோந்தா கொறஞ்சிடும்னு. நீங்க இப்ப ஊறுமான்னு கேட்டீங்க பாருங்க, அந்த வார்த்ததான் சரி. ரத்தம் ஊத்து மாதிரி. நீங்க யாருக்கும் குடுக்காம வீட்ல உக்காந்திருந்தாலும் உங்க சிவப்பணு தினமும் செத்துட்டும் புதுசா பொறந்துட்டும்தான் இருக்கு. ஒரு சிவப்பணுவுக்கு ஆயுசு 120 நாள். ஒரு ஆளு உடம்புல சுமாரா 25 லட்சம் கோடி சிவப்பணு, அத 120 நாளுக்குப் பிரிச்சுப் பாருங்க, ஒரு செகண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல புதுசா வந்தாத்தான் கணக்கு நிக்கும். இதெல்லாம் எலும்பு மஜ்ஜையில நடக்குது. சின்னக் கொழந்தைங்களுக்கு எல்லா எலும்புலயும் நடக்கும், வளந்தவங்களுக்கு இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு இதுலதான் பெரும்பாலும். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி உங்க உடம்புல ஓடின சிவப்பணு ஒண்ணுகூட இன்னிக்கு கெடையாதும்மா. அப்பாவுக்கும் அப்படித்தான், அவர் ஒரு சொட்டுகூட யாருக்கும் குடுக்கல, ஆனா ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்கு சிவப்பணு போய்ப் புதுசு வந்துட்டேதான் இருக்கு.

முகாம்ல எடுக்கறது 350 இல்லன்னா 450 மில்லி. வளந்தவங்க உடம்புல ஏறக்குறைய 5 லிட்டர், மெலிஞ்சவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கம்மி, அதனாலதான் எடை பாத்துட்டு எடுக்கறாங்க. எடுத்ததுல பாதிக்கு மேல பிளாஸ்மா, அதாவது தண்ணிப் பகுதி, அது ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும், அதான் தண்ணி நெறைய குடிக்கச் சொல்றாங்க. சிவப்பணு திரும்ப வர 4ல இருந்து 8 வாரம். கிட்னிக்கு ரத்தத்துல வர்ற ஆக்சிஜன் கொறையறது தெரிஞ்சதும் எரித்ரோபாய்ட்டின்னு ஒரு ஹார்மோன அனுப்பும், மஜ்ஜை வேகம் எடுக்கும். கிட்னி கெட்டவங்களுக்கு ரத்தசோகை வர்றதுக்கு இந்த ஹார்மோன் கொறையறதுதான் முக்கியக் காரணம், இப்ப அதையே ஊசியாப் போடறாங்க.

இதுல மெதுவாத் திரும்பறது இரும்பு மட்டும்தான். 450 மில்லியில 200ல இருந்து 250 மில்லிகிராம் இரும்பு போயிடும், சாப்பாட்டுல இருந்து ஒரு நாளைக்கு உடம்பு எடுத்துக்கறது சாதாரணமா 1, 2 மில்லிகிராம்தான். அதனாலதான் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல இடைவெளி வைக்கறாங்க, நாட்டுக்கு நாடு மாறும், ரெண்டு மாசத்துல இருந்து நாலு மாசம் வரைக்கும், பொம்பளைங்களுக்கு அதிகமா வச்சிருக்கற நாடுங்களும் உண்டு. மாசாமாசம் அவங்களுக்கு இரும்பு போறதால அது நியாயமான கணக்கு. அப்பா பயத்துலயும் அந்த அளவுக்கு உண்மை இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். முகாம்ல எச்பி, அதாவது ஹீமோகுளோபின் அளவு பாப்பாங்க, 12.5க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவாங்க, அப்படி அனுப்பினா கோவிச்சுக்காதீங்க, அதுக்குக் காரணம் என்னன்னு டாக்டர்கிட்ட பாருங்க.

கார்த்தி_07:

நன்றிங்க ஐயா. இத்தன வருஷமா தப்பாவே சொல்லிட்டு இருந்திருக்கேன், என் தங்கச்சி பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக்குடுத்தேன், இன்னிக்கே மாத்திச் சொல்லிடறேன்.

வேனில்23:

ஐயா, ரொம்ப ரொம்ப நன்றி. அப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காமிச்சேன். அந்த 120 நாள் கணக்குல கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் "டாக்டர் சரின்னு சொன்னா போ"ன்னுட்டார்.

இன்னொண்ணு கேக்கணும், இத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். செக்கப் ரிப்போர்ட்ல என் குரூப் ஓ நெகட்டிவ்னு வந்திருக்கு. அப்பா ஏ பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ். இத சொந்தக்காரங்க ஒருத்தர் கேட்டுட்டு "அதெப்படி ரெண்டு பேர் குரூப்பும் வராம, அதுவும் நெகட்டிவ்"னு எல்லார் முன்னாடியும் ஒரு மாதிரி பேசிட்டாங்க. அம்மா அன்னிக்கு சாப்பிடவே இல்ல. இப்படி வர வாய்ப்பிருக்கா?

உயிரியல்_டீச்சர்:

வாய்ப்பு தாராளமா இருக்கும்மா. முதல்ல அம்மாகிட்ட இத படிச்சுக் காமிங்க, மீதிய அப்புறம் படிக்கலாம்.

ஒவ்வொருத்தருக்கும் ரத்த குரூப்புக்கு ரெண்டு ஜீன், ஒண்ணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து. ஏவும் பியும் வெளிய காட்டிக்கும், ஓ காட்டிக்காது. அப்ப ஏ குரூப்னு ரிப்போர்ட்ல வர்றவர் உள்ள ஏ-ஏ-வா இருக்கலாம் ஏ-ஓ-வாவும் இருக்கலாம், பாத்தா தெரியாது. உங்க அப்பா ஏ-ஓ, அம்மா பி-ஓ. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஒளிஞ்சிருந்த ஓ உங்களுக்கு வந்திருக்கு. இந்த ஜோடிக்குப் பொறக்கற பிள்ளைக்கு ஏ, பி, ஏபி, ஓ நாலுல எது வேணும்னாலும் வரலாம், ஒவ்வொண்ணுக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. பாசிட்டிவ் நெகட்டிவும் இதே கததான், பாசிட்டிவா இருக்கற ரெண்டு பேரும் உள்ள ஒரு நெகட்டிவ வச்சிருந்தா பிள்ளை நெகட்டிவா பொறக்க நாலுல ஒரு வாய்ப்பு. ரெண்டையும் பெருக்கினா பதினாறுல ஒண்ணு. இத நான் வருஷாவருஷம் போர்டுல கட்டம் போட்டு நடத்தறேன், பாடப்புத்தகத்துல இருக்கற கணக்கு, அதிசயம் ஒண்ணும் இல்ல. குரூப்ப வச்சு ஒரு குடும்பத்துல இப்படி வாய்க்கு வந்தத பேசறவங்களப் பாத்தா எனக்கு உண்மையிலயே கோவம் வருது, எத்தனையோ அம்மாங்க இதுக்காக அழுதிருக்காங்க.

வழக்கமான கணக்குல வரவே கூடாத குரூப் வந்தாலும்கூட அவசரப்பட்டுப் பேசக்கூடாது. 1952ல பம்பாயில டாக்டர் பெண்டேயும் கூட இருந்தவங்களும் ஒரு அபூர்வமான குரூப்ப வெளிய கொண்டுவந்தாங்க, பாம்பே குரூப்னே பேரு. ஏ, பி ரெண்டும் உக்கார்றதுக்கு அடித்தளமா ஹெச்னு ஒரு பொருள் சிவப்பணு மேல இருக்கணும், இவங்களுக்கு அதுவே இருக்காது. அதனால உள்ள ஏ ஜீன் இருந்தாலும் சாதாரண டெஸ்ட்ல ஓன்னுதான் காட்டும், ஆனா பிள்ளைக்கு அந்த ஏ போகும். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு நடக்கவே முடியாதது மாதிரி இருக்கும். இவங்களுக்கு ஓ ரத்தம்கூட ஏத்தக்கூடாது, இன்னொரு பாம்பே குரூப்காரங்கதான் குடுக்கணும்.

ரத்தத்துல இப்படி குரூப் இருக்குன்னு மொதல்ல பிரிச்சுச் சொன்னவர் கார்ல் லான்ட்ஸ்டெய்னர், வியன்னாவுல. அதுக்கு முன்னாடி ஒருத்தர் ரத்தத்த இன்னொருத்தருக்கு ஏத்தினா சிலர் பொழைச்சாங்க சிலர் செத்தாங்க, ஏன்னு யாருக்கும் தெரியாது. அவர் தன்னோட ரத்தத்தையும் கூட வேலை பாத்தவங்க ரத்தத்தையும் எடுத்து, ஒருத்தர் சிவப்பணுவ இன்னொருத்தர் சீரத்தோட, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியற தெளிஞ்ச தண்ணியோட, மாத்தி மாத்திக் கலந்து பாத்தார். சிலது அப்படியே இருந்துச்சு, சிலது திட்டுத்திட்டா சேந்துக்கிச்சு. 1901ல அத எழுதி வெளியிட்டார், 1930ல நோபல் பரிசு. பாசிட்டிவ் நெகட்டிவ்னு சொல்ற ஆர்ஹெச் விஷயத்தையும் 1940ல அவரும் வீனரும்தான் சொன்னாங்க.

உங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும், நீங்க நெகட்டிவ், பிற்காலத்துல கொழந்த உண்டாகும்போது கொழந்தையோட அப்பா பாசிட்டிவா இருந்தா முதல் செக்கப்லயே டாக்டர்கிட்ட இத ஞாபகமா சொல்லுங்க. கொழந்த பாசிட்டிவா இருந்து அதோட ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துட்டா அம்மா உடம்பு அத எதிரின்னு நெனச்சு அத அழிக்கற ஆன்டிபாடி செஞ்சு வச்சுக்கும், அது பெரும்பாலும் அடுத்த கொழந்தையத்தான் பாதிக்கும். 1960கள் முடியற நேரத்துல இருந்து இதத் தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கு. ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர் 1954ல இருந்து 2018 வரைக்கும் 1,100 தடவைக்கு மேல தானம் குடுத்தார், இந்த ஊசி வந்தப்புறம் அவர் பிளாஸ்மாவ வச்சு அதத் தயாரிச்சாங்க, 2025ல காலமானார். சின்ன வயசுல ஒரு ஆபரேஷன்ல அடுத்தவங்க குடுத்த ரத்தத்துல பொழைச்சவர் அவர்.

மகிழ்அம்மா:

வேனில், நான் இங்க எழுதறதே அபூர்வம், ஆனா உங்க அப்பா கேட்டதப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. என் பையனுக்கு 9 வயசு, தலசீமியா மேஜர். கண்ணாடித்தகடு ஐயா சொன்ன அந்த ஊத்து என் பிள்ளைக்கு சரியா ஊறாது. மஜ்ஜை வேலை செய்யுது, சொல்லப்போனா சாதாரண ஆளவிட அதிகமாவே பாடுபடுது, ஆனா ஹீமோகுளோபின் செய்யற ஜீன்ல கோளாறு, அதனால சிவப்பணு முக்காவாசி வெளிய வர்றதுக்குள்ளயே ஒடஞ்சிடுது. மூணு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்தறோம். ஒன்பது வயசுக்குள்ள எத்தன பேர் ரத்தம் அவன் உடம்புல ஓடியிருக்குன்னு கணக்குப் பாத்தா எனக்கு கண்ணு நெறஞ்சிடும், அதுல ஒருத்தர் மொகம்கூட எனக்குத் தெரியாது.

ஏத்தறதுக்கு முந்தின ரெண்டு நாள் சோந்து படுத்திருப்பான், மாடி ஏறினா மூச்சு வாங்கும். ஏத்தின மறுநாள் பந்த எடுத்துட்டு ஓடுவான். அந்த வித்தியாசத்த உங்க அப்பா ஒரு தடவ கண்ணால பாக்கணும். முகாம்ல ரத்தம் குடுக்கற பல பேர் அது விபத்துல அடிபட்டவங்களுக்குப் போகும்னு நெனைக்கறாங்க, அதுக்கும் போகுது, ஆனா இவன மாதிரி வாழ்க்கை முழுக்க தேவைப்படற பிள்ளைங்களுக்கும் போகுது, கேன்சர் சிகிச்சையில இருக்கறவங்களுக்கும் பிரசவத்துல ரத்தம் போனவங்களுக்கும் போகுது.

ஐயா இரும்பு பத்திச் சொன்னதுக்கு மறுபக்கம் எங்க வீட்ல இருக்கு. ஏத்தற ஒவ்வொரு பையிலயும் 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பு உள்ள வருது, அத வெளிய தள்ள உடம்புக்கு வழியே கெடையாது, தினமும் தானா போறது 1, 2 மில்லிகிராம்தான். மீதி இதயத்துலயும் கல்லீரல்லயும் போய் படியும், அத எறக்கறதுக்கு தினமும் மாத்திரை. அதனால யாரா இருந்தாலும் ரத்தம் கம்மியா இருக்குன்னு அவங்களாவே இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்காதீங்க, டெஸ்ட் பாத்துட்டுப் போடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி தலசீமியா கேரியரான்னு, அதாவது கோளாறான ஜீன் ஒண்ணு உள்ள ஒளிஞ்சிருக்கான்னு, ஒரு டெஸ்ட்டும் பண்ணிக்கோங்க. நாங்க ரெண்டு பேருமே கேரியர், எங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்ல, அதனால தெரியவே இல்ல.

வேனில்23:

டீச்சர், அம்மா படிச்சாங்க. கட்டம் போட்டுக் காட்டச் சொன்னாங்க, பேப்பர்ல போட்டுக் காமிச்சேன், அந்தப் பேப்பர மடிச்சு எடுத்து வச்சுக்கிட்டாங்க.

மகிழ்அம்மா, உங்களுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. மகிழுக்கு என் அன்பு. ஒரு சந்தேகம், விரல்ல வெட்டுப்பட்டா அஞ்சு நிமிஷத்துல உறைஞ்சு நின்னுடுதே, பையில எடுத்து வைக்கற ரத்தம் மட்டும் எப்படி உறையாம இருக்கு?

கண்ணாடித்தகடு:

பையில மொதல்லயே சிட்ரேட்டுனு ஒரு உப்புத் திரவம் ஊத்தி வச்சிருப்பாங்க. ரத்தம் உறையறதுக்கு கால்சியம் கட்டாயம் வேணும், சிட்ரேட் அந்தக் கால்சியத்தப் புடிச்சு வச்சுக்கும், அதனால உறையாது. ரத்தம் ஏத்தறதுல இத 1914ல பயன்படுத்த ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் குடுக்கறவரையும் வாங்கறவரையும் பக்கத்துல பக்கத்துல படுக்கவச்சு கையோட கையா ஏத்த வேண்டியிருந்துச்சு. ரத்த வங்கின்னு ஒண்ணு வந்ததே இந்த ஒரு உப்பாலதான்.

எடுத்த பைய அப்படியே வைக்கமாட்டாங்க, சுழல விட்டு மூணாப் பிரிப்பாங்க. சிவப்பணு 2ல இருந்து 6 டிகிரி குளிர்ல, சேக்கற திரவத்தப் பொறுத்து 35 இல்லன்னா 42 நாள் தாங்கும். பிளாஸ்மாவ உறைய வச்சா வருஷக்கணக்குல இருக்கும். ரத்தம் உறைய உதவற பிளேட்லெட்டுதான் பாவம், குளிர் ஆகாது, 20ல இருந்து 24 டிகிரியில ஒரு மெஷின்ல மெதுவா ஆட்டிக்கிட்டே இருக்கணும், அப்பவும் பொதுவா 5 நாள்தான். அதனால போன மாசம் நெறைய பேர் குடுத்தாங்கன்னு இந்த மாசம் பிளேட்லெட் இருக்காது.

வேனில்23:

நேத்து குடுத்துட்டு வந்துட்டேன்! எச்பி 13.1 இருந்துச்சு. அப்பாவே கூட வந்தார், வெளிய உக்காந்திருந்தார், அடுத்த தடவ நானும் குடுக்கலாமான்னு அங்கயே கேட்டார், வயசு பாத்து சொல்றோம்னாங்க. இன்னிக்குக் காலைல ஊசி போட்ட எடத்துல கன்னிப்போய் ஊதாவா இருக்கு, தொட்டா லேசா வலிக்குது. பயப்படணுமா?

கண்ணாடித்தகடு:

பயம் வேண்டாம்மா, ஊசி எடுத்ததும் சரியா அழுத்திப் பிடிக்கலன்னா சிரையில இருந்து கொஞ்சம் கசிஞ்சு தோலுக்கடியில நிக்கும். தேய்க்காதீங்க, ரெண்டு நாள் அந்தக் கையில கனமா எதுவும் தூக்காதீங்க. வீக்கம் ஏறிட்டே போனாலோ விரல் மரத்துப்போனாலோ மட்டும் உடனே அவங்களுக்கு போன் பண்ணுங்க.

கலர் மாறும், பாத்துட்டே இருங்க. இப்ப ஊதா, நாலஞ்சு நாள்ல ஓரம் பச்சையாகும், அப்புறம் மஞ்சள். வெளிய கசிஞ்ச சிவப்பணுவ உடம்பு ஒடைக்குது, ஹீமோகுளோபின் முதல்ல ஒரு பச்சைப் பொருளாகி அப்புறம் பிலிரூபின்னு மஞ்சளாகுது. காமாலையில கண்ணு மஞ்சளாகறதும் இதே பிலிரூபினாலதான். அதுல இருக்கற இரும்ப மட்டும் உடம்பு வீணாக்காது, பத்திரமா எடுத்துட்டுப் போய் மஜ்ஜைக்குக் குடுத்துடும், அடுத்த சிவப்பணு செய்ய. ஒரு வாரம் பத்து நாள்ல மஞ்சளும் மறைஞ்சிடும்.